ஏழு ஆண்டுகள் என்று எழுதினேன்

டென்மார்க்கின் யூலாந்துப் பக்கம் எங்கள் சிறு நகரத்துக்கென்று சொந்த மின்நிலையம் உண்டு. அங்கே எரிவாயுக் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவர் அவர். ஒல்லியான யாழ்ப்பாணத்தார், காதுகள் மட்டும் பெரியவை. எதைக் கேட்டாலும் முதலில் யன்னலுக்கு வெளியே கொடிக்கம்பத்தைப் பார்ப்பார். காற்றாலைகள் ஓடுமா என்பதைக் கொடியிலேயே படித்துவிடுவார். அதற்குப் பிறகுதான் பதில் வரும்.

கொதிகலனை மூடி, காற்றிலும் வெயிலிலும் மட்டும் மின்சாரம் எடுக்க எத்தனை ஆண்டுகள் வேண்டும் என்று நகரசபை முடிவுசெய்ய வேண்டியிருந்தது. சபை அலுவலகத்தில் அந்தத் திட்டத்தின் வரைவை எழுதியவன் நான். நான்கு போதும் என்று தெரிந்தும் ஏழு என்று எழுதினேன். அவர் ஓய்வுபெற ஏழு ஆண்டுகள் இருந்தன. காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

கூட்டத்தில் அவரையும் கேட்டார்கள். கொடியைப் பார்த்தார். "நான்கு ஆண்டுகள் போதும்" என்று டேனிஷில் சொல்லிவிட்டு அமர்ந்தார். சபையும் அதையே ஏற்றது.

வெளியே நான் கோப்பி ஊற்றும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, ஏழு வருசமெண்டு ஆர் எழுதினது?"

"எல்லாருமாச் சேர்ந்துதான், அண்ணை."

"எனக்காக ஊர் இன்னும் மூண்டு வருசம் வாயு எரிக்க வேண்டாம்," என்றார். "என்னட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாம் நீர்."

எனக்கு முகம் சுட்டது. "இனி என்ன செய்யப்போறியள்?" என்று கேட்டேன்.

வழக்கம்போல் கொடியைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.