தோட்டத்தில் டிரில் டீச்சர்

டிரில் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை. காய்கறிக் கடைக்காரர், எதிர்வீட்டுப் பல் டாக்டர், அவரிடம் படித்து இப்போது தலை நரைத்துப்போன பெண்கள் என்று எல்லோருக்கும் அவர் டிரில் டீச்சர்தான். தெருவில் யாராவது கூன் போட்டு நடந்தால் அவருக்குப் பொறுக்காது. "நிமிர்ந்து நடங்க" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். யாரது என்று அந்த ஆள் திரும்பிப் பார்ப்பதற்குள் தெருமுனையைத் தாண்டியிருப்பார்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகளை ஒற்றை ஆளாக வளர்த்து, படிக்கவைத்து, கல்யாணமும் செய்து கொடுத்தார். அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. பேசிப் பார்த்தார்கள், கடைசியில் கோர்ட்டில் போய் முடிந்தது. மகள் தொலைவில் ஒரு நகரத்துக்கு வேலை மாற்றிக்கொண்டு போனாள். டீச்சர் போன் செய்தால், "சாப்பிட்டியா? காலைல நடக்கிறியா?" என்று கேட்பார். அந்தப் பக்கமிருந்து இரண்டுக்கும் சேர்த்து ஒரு "ம்" வரும்.

வீட்டில் சேரும் காய்கறித் தோலைக் குப்பைத் தொட்டியில் கொட்ட மனசு வராமல்தான் அவர் முதலில் அந்தத் தோட்டத்துக்குப் போனார். ஊர் முடிகிற இடத்தில், முன்பு செங்கல் சூளை இருந்த மேடு அது. மண்ணையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகு புல்கூட முளைக்காமல் கிடந்த நிலம். மருந்துக்கடை நடத்திக்கொண்டிருந்த ஒருவர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, தெரிந்த குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு அதைக் குத்தகைக்கு எடுத்தார். உழுவதில்லை, மருந்தடிப்பதில்லை. மரம், அதன் கீழே செடி, செடி மேலே கொடி என்று ஒன்றுக்கொன்று துணையாக நட்டு, தரையை இலைதழையால் மூடிவிடுவார்கள். மழைத் தண்ணீர் ஒரு சொட்டும் மேட்டை விட்டு ஓடிவிடக்கூடாது, தோட்டத்திலிருந்து குப்பை என்று எதுவும் வெளியே போகக்கூடாது என்பார். எந்நேரமும் மண்ணுக்குள்ளேயே கையை விட்டுக்கொண்டிருந்ததால் எல்லோரும் அவரை மண்புழு என்றார்கள். அவரும் அதைப் பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார்.

டீச்சர் வாளியோடு போன அன்று, ஆபீஸ் நாற்காலியிலேயே வாழ்க்கையைக் கழித்த பத்துப் பதினைந்து பேர் மண்வெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"இடுப்ப வளைக்காதீங்க! முட்டிய மடக்குங்க. மண்வெட்டிய உடம்போட ஒட்டிப் பிடிங்க. அது என்ன, பாம்பப் பிடிச்ச மாதிரி?"

மண்புழு நிமிர்ந்து பார்த்தார். "டீச்சர், இங்க வர்றவங்க ஒரு நாள் வேலை பார்த்துட்டு மறுவாரம் படுத்துடுறாங்க. கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

அன்று தொடங்கியதுதான் தோட்டத்து டிரில். ஞாயிறு காலையில் எல்லோரும் கருவிக் கொட்டகை முன்னால் வரிசையாக நிற்பார்கள். டீச்சர் கழுத்தை, தோளை, இடுப்பை, முட்டியை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்புவார். உட்கார்ந்து எழச் சொல்லுவார். அப்புறம் அதே உட்கார்தலைக் களை எடுப்பதிலும், அதே திரும்பலை உரக்குவியலைப் புரட்டுவதிலும் செய்யவைப்பார். படுத்துக்கொள்கிறவர்கள் குறைந்தார்கள். வேலை முடிந்ததும் விளைந்ததைப் பங்கு போட்டுக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு போவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வாரத்தில் இருப்பதே டீச்சருக்கு அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

அப்படியிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின் வரிசையில் தையல்காரம்மா நின்றார்.

டீச்சருடைய மகளின் மாமியாராக இருந்தவர். சம்பந்தியம்மா என்று வாய் நிறையக் கூப்பிட்ட ஆள். இப்போது என்னவென்று கூப்பிடுவது? புருஷன் பெண்டாட்டியைப் பிரித்துவைக்கக் கோர்ட்டு இருக்கிறது. பிரிந்த சம்பந்திகள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ள ஒரு வார்த்தையைக்கூட யாரும் செய்து வைக்கவில்லை.

டீச்சருக்கு அந்தம்மா மேல் இருந்த கோபம் ஒரே ஒரு சாயங்காலத்தைப் பற்றியது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து கடைசியாகப் பேசிய அன்று, "நீங்க பெத்தவங்க. உங்க பையனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று டீச்சர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். தையல்காரம்மா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தபடியே இருந்துவிட்டார். அந்த மௌனத்தை டீச்சர் மன்னிக்கவே இல்லை.

"கைய மேல தூக்குங்க. காத உரசணும்" என்று டீச்சர் டிரிலைத் தொடர்ந்தார்.

எல்லாக் கைகளும் மேலே போயின. தையல்காரம்மாவின் வலது கை மார்பு உயரத்தோடு நின்றுவிட்டது.

"பின் வரிசை! வலது கை!"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிப் பார்த்தார். முகம் வெளுத்தது. கை கொஞ்சம்கூட ஏறவில்லை.

"பின் வரிசை, உங்களத்தான்!"

மண்புழு பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "டீச்சர், அந்தம்மாவுக்குத் தோள் இறுகிப்போயிருக்கு. கை வராது."

"தெரியும்" என்றார் டீச்சர். பார்த்த உடனேயே அவருக்குத் தெரிந்திருந்தது.

வேலைக்கு நடுவில் கை கழுவக் குழாயடிக்குப் போனபோது, கொட்டகைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றபடி தையல்காரம்மா ஏப்ரன் நாடாவை முதுகுக்குப் பின்னால் முடிச்சுப் போடப் போராடிக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் ஊக்கு மாட்டி, கொக்கி வைத்து, பொத்தான் தைத்துக் கொடுத்தவர். இடது கையால் நாடாவைப் பிடித்தார், நழுவியது. மறுபடி பிடித்தார், மறுபடி நழுவியது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மெதுவாக மூக்கை உறிஞ்சினார்.

டீச்சருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. போய் நாடாவை வாங்கி முடிச்சுப் போட்டார்.

"இந்தச் சுவத்துல விரல நடக்க விடுங்க. எறும்பு ஏறுற மாதிரி. வலிக்கிற இடத்துல நிறுத்துங்க, இறக்கிடாதீங்க. மூச்ச விடுங்க."

"சரி டீச்சர்."

"தையலுக்கு உட்காரும்போது அப்பப்ப எழுந்து கைய ஊஞ்சல் மாதிரி ஆட்டணும். சும்மா தொங்கவிட்டு ஆட்டணும்."

"சரி டீச்சர்."

டீச்சர் கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். அடுத்த வாரத்திலிருந்து பீன்ஸ் பறிக்கிற வேலை தையல்காரம்மாவுக்கு என்று டீச்சர் சொல்லிவிட்டார். மக்காச்சோளத் தண்டைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற பீன்ஸ் அது. கீழே காய்த்ததைத் தொடங்கி, கொடி ஏற ஏறக் கையும் ஏறவேண்டும். "பின் வரிசை, இன்னிக்கு எதுவரைக்கும்?" என்று டீச்சர் தூரத்திலிருந்து கேட்பார். தையல்காரம்மா எட்டிய இடத்தில் ஒரு இலையை ஆட்டிக் காட்டுவார். பின் வரிசை என்பதே அவருக்குப் பெயராகிப்போனது. கூப்பிட வார்த்தை இல்லையே என்ற குறை அத்தோடு தீர்ந்தது.

மழைக்காலம் வருவதற்கு முன்னால் மேட்டின் சரிவுக்குக் குறுக்கே நீளமாகப் பள்ளம் எடுத்தார்கள். ஓடிவரும் தண்ணீர் அதில் தேங்கி மண்ணுக்குள் இறங்கவேண்டும். வெட்டிய மண்ணைக் கூடையில் அள்ளி, ஆள் மாற்றி ஆள் கொடுத்துக் கரை கட்டவேண்டும். வரிசையை டீச்சர்தான் நிறுத்தினார். தனக்கும் தையல்காரம்மாவுக்கும் நடுவில் மண்புழுவைக் கவனமாக நிறுத்தினார். பாதி வேலையில் தண்ணீர்த் தொட்டிக் குழாய் பிடுங்கிக்கொள்ள, மண்புழு ஓடிப்போனார். நடுவில் யாருமில்லை.

கூடை வந்தது, கை மாறியது, போனது. கொஞ்ச நேரத்தில் இருவருடைய அசைவும் ஒன்றாகிவிட்டது. முகத்தைப் பார்க்கவேண்டிய அவசியமில்லாத வேலை என்பதால்தானோ என்னவோ, தையல்காரம்மா பேசினார்.

"அன்னைக்கு நான் வாயத் திறந்திருந்தா, தப்பு என் பையன்மேலதான்னு சொல்லியிருக்கணும் டீச்சர். அத்தன பேர் முன்னாடி, அவன வச்சுக்கிட்டு... என்னால முடியல."

டீச்சர் கூடையை வாங்கி அடுத்த கைக்குத் தள்ளினார்.

"அப்புறம் உங்க பொண்ணுகிட்ட சொன்னேன். போன் பண்ணி, 'தப்பு உன்னுது இல்லம்மா'ன்னு. அன்னைலேருந்து அவ பேசிக்கிட்டுத்தான் இருக்கா."

"யாரு பேசிக்கிட்டு இருக்கா?"

"உங்க பொண்ணு. எனக்குத் தோள் போச்சுன்னதும் அவதான் இங்க போகச் சொன்னா. 'எங்கம்மா திட்டுவாங்க அத்தை. ஆனா சரி பண்ணிடுவாங்க'ன்னா."

டீச்சரின் கை நின்றது. பின்னாலிருந்து கூடைகள் தேங்கின.

"என்கிட்ட ஒரு 'ம்' தவிர எதுவும் பேசமாட்டா. உங்ககிட்ட அப்படி என்ன பேசுறா?"

தையல்காரம்மா தயங்கினார். "நடுவுல ரொம்ப முடியாம இருந்தா. உடம்பு இல்ல, மனசு. படுக்கைய விட்டே எழுந்திருக்க முடியலன்னா. வேலைக்கும் போகல."

"எனக்கு ஏன் சொல்லல?"

"அத எப்படி நான் சொல்றது..."

"சொல்லுங்க."

"'அம்மாகிட்ட சொன்னா, எழுந்து நட, எல்லாம் சரியாப்போகும்னு சொல்லுவாங்க'ன்னா."

டீச்சர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் தோட்டத்தை விட்டு நடந்தார்.

அந்த வார்த்தைகள் அவருடையவைதான். அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தில் அவரால் சொல்லிப் பார்க்க முடிந்தது. சொல்லியும் இருக்கிறார், போனில், எத்தனையோ தடவை. கணவர் இறந்தபோது அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் அதையேதான். அவர் எழுந்தார், நடந்தார், சரியாகவும் போயிற்று. தனக்குப் பலித்தது பெற்ற பெண்ணுக்குப் பலிக்காது என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அதைவிட, அந்தப் பெண் விழுந்து கிடந்தபோது நம்பிக் கூப்பிட்ட குரல் தன்னுடையது இல்லை என்பது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

அடுத்த ஞாயிறு அவர் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. மண்புழு வீட்டு வாசலில் வந்து நின்று, "டீச்சர், நான்தான் டிரில் எடுக்கிறேன். எல்லாரும் என்னப் பார்த்துச் சிரிக்கிறாங்க" என்று முறையிட்டுவிட்டுப் போனார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. காலையில் பால்கனியில் நின்று பார்த்தபோது எதிர்ச் சாரியின் சாக்கடை பொங்கி ஓடியது. டீச்சருக்குப் பள்ளத்தின் கிழக்குக் கரை ஞாபகம் வந்தது. தான் பாதியில் விட்டுவிட்டு வந்த கரை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கரை ஓரிடத்தில் உடைந்துகொண்டிருந்தது. செந்நிறத் தண்ணீர் பீன்ஸ் பாத்தியை நோக்கி இறங்கியது. மண்புழு மண்ணைத் தள்ள, அது தள்ளத் தள்ளக் கரைந்தது. அவருக்குப் பக்கத்தில் தொப்பலாக நனைந்து, இடது கையால் வைக்கோலை வாரி வாரி அடைத்துக்கொண்டிருந்தவர் தையல்காரம்மா.

"வலது கைய ஏன் மடக்கி வச்சிருக்கீங்க? போன வாரமே சோளத்தண்டு உச்சிய எட்டியிருப்பீங்களே!" என்று கத்திக்கொண்டே டீச்சர் சேற்றில் இறங்கினார்.

"நீங்க இல்லாம எவ எட்டுறது?" என்று தையல்காரம்மாவும் கத்தினார்.

இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். சாக்கில் மண் அள்ளி, கை மாற்றி, அடுக்கி, மிதித்து, ஒருவழியாகத் தண்ணீரைப் பள்ளத்துக்கே திருப்பினார்கள். எல்லோரும் கொட்டகைக்குள் போய் ஒடுங்கியபோது தையல்காரம்மாவின் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். பிறகு போனை அப்படியே நீட்டினார்.

"அத்தை, அங்க மழையாமே?" என்றது மகளின் குரல். எவ்வளவு இலகுவான குரல்.

"நான் அம்மாடா."

டீச்சருக்கு நாக்கு நுனியில் ஆயிரம் வந்தது. எழுந்திரு, சாப்பிடு, வெயிலில் நில், ஊருக்கு வா. எல்லாவற்றையும் விழுங்கினார்.

"எப்படி இருக்கே? நீ சொல்லு, நான் கேக்குறேன்."

மகள் முதலில் அழுதாள். அப்புறம் பேசினாள். டீச்சர் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

லீவு போட்டுவிட்டு மகள் வந்தாள். மதியம் வரை தூங்கினாள். டீச்சர் கதவைத் தட்டவில்லை. தட்டாமல் இருப்பதுதான் அவர் அதுவரை செய்த உடற்பயிற்சிகளிலேயே கடினமானது. சமையலறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார், ஆனால் தட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் கூப்பிடாமலே அவள் அம்மாவோடு தோட்டத்துக்கு வந்தாள். தையல்காரம்மாவைப் போய்க் கட்டிக்கொண்டாள். பிறகு காய்ந்த இலைக் குவியலின் மேல் சாய்ந்து உட்கார்ந்து, தும்பிகள் பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசையில் நின்ற ஒருவர் கேட்டார். "ஏன் டீச்சர், உங்க பொண்ணு எக்சர்சைஸ் பண்ணலையா?"

"அவ உட்காரட்டும்" என்றார் டிரில் டீச்சர். "நீங்க முட்டிய மடக்குங்க."