கரிசல் சேற்றில் ஒரு மல்டிடூல்

உலகத்தில் வரும் எல்லாச் சங்கடத்துக்கும் எங்கோ ஒரு மடக்குக் கருவி இருக்கிறது, சரியானதை இன்னும் வாங்காததுதான் என் குறை என்று நம்பிக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் அல்ல. தலைக்குச் சாயம் பூச ஆரம்பித்த பிறகு.

எனக்குத் தொழில் கோவில்பட்டியில் ரெடிமேட் கடை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் இரவு இறக்கும் வரை நைட்டிகளுக்கும் பாவாடைகளுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பவன். எனக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து மேல்தட்டிலிருந்து ஒரு பண்டல் தலையில் விழுவது. அப்படிப்பட்டவன், வியாபாரம் இல்லாத மத்தியானங்களில் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு மடங்காத கத்தி வாங்கினேன். உறையோடு பெல்ட்டில் மாட்டிக்கொள்கிற ரகம். வீடியோவில் வரும் வெள்ளைக்காரர் பனிக்காட்டில் அந்த மாதிரிக் கத்தியால் விறகு பிளக்கிறார், மீன் அரிகிறார், கூடாரத்துக்கு முளை சீவுகிறார். நான் என் மச்சினன் காட்டில் ஒரு வெள்ளரிக்காய் நறுக்கினேன். கயத்தாறுக்குக் கிழக்கே இருக்கிறது அந்தக் காடு; எங்கள் பக்கத்தில் காடு என்றால் விளைநிலம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் வருவதுதான் என் வனவாசம்.

அதே வெள்ளைக்காரர்தான் பிறகு ஒரு குண்டைப் போட்டார். கத்தி மட்டும் போதாதாம். கத்தி வெட்டும், அவ்வளவுதான். திருகாது, பிடுங்காது, கம்பியை நறுக்காது. குறடு, அரம், திருப்புளி எல்லாம் ஒன்றாக மடங்கியிருக்கும் மல்டிடூல் ஒன்று பக்கத்தில் இல்லாமல் காட்டுக்குள் போகிறவன் பாதி ஆள் என்றார். அதுவரை நான் பாதி ஆளாகவே வெள்ளரிக்காய் தின்றுவிட்டு வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் அப்போதே போனில் மல்டிடூல் தேட ஆரம்பித்தேன்.

எதை வாங்குவது என்பதில் என் தூக்கம் போனது. ஏற்கெனவே நல்ல கத்தி இருக்கிறது, ஆகவே மல்டிடூலில் கத்தியைப் பார்க்காதே, குறடைப் பார் என்றார் ஒருவர். குறடு கனம், கத்தரியும் முள்வாங்கியும் உள்ள சின்னதை வாங்கு என்றார் இன்னொருவர். அந்தச் சின்னதில் ஒயின் பாட்டிலின் தக்கையைத் திருகி எடுக்க ஒரு சுருள்கம்பியும் இருந்தது. கோவில்பட்டியில் தக்கை போட்ட பாட்டிலை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் என்றாவது ஒருநாள் நடுக்காட்டில் தக்கை போட்ட பாட்டிலோடு தனியாக மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று அரைமணி நேரம் உண்மையாகவே கவலைப்பட்டேன்.

கடைசியில் குறடு வைத்ததையே வாங்கினேன். என் மனைவி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இதுல ஸ்குரூ டிரைவர் இருக்கா?"

"மூணு இருக்கு."

"அப்போ அந்தக் குக்கர் கைப்பிடிய முறுக்கிக் குடுங்க. ஆடிக்கிட்டே கெடக்கு."

"இது வெளிய கொண்டுபோற சாமான்ட்டி. வீட்டு வேலைக்கு இல்ல."

"சரி, குக்கரைத் தெருவுல கொண்டுபோயி வைக்குதேன். அங்கன வந்து முறுக்குங்க." கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள், "இந்த இரும்பைத் தேடுனதுல பாதி அக்கறைய எந்தம்பிக்குப் பொண்ணு தேடுததுல காட்டியிருந்தா, இந்நேரம் எனக்கு மருமகன் பொறந்திருப்பான்."

அந்த இடத்தில்தான் அவள் குத்தினால் வலிக்கும். மச்சினனுக்கு வயது முப்பத்தாறு. சொந்தக் கரிசல் நிலம், உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறான். குடிப்பதில்லை. பார்க்கவும் லட்சணமாக இருப்பான். தரகர் பெண் வீட்டுக்குப் போன் போட்டால் அந்தப் பக்கம் கேட்பது ஒரே கேள்வி: பையன் என்ன செய்யுதாவ? எங்கள் பக்கத்தில் விவசாயியைச் சம்சாரி என்போம். தரகர் "சம்சாரி" என்றதும் அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்துவிடும், பிறகு பேசுகிறோம் என்று வைத்துவிடுவார்கள். இந்த ஜில்லாவில் எத்தனை வீட்டில் அந்த நேரம் பார்த்துச் சோறு வேகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

மனைவியின் குத்தலுக்குப் பிறகு நான் களத்தில் இறங்கினேன். புதியம்புத்தூருக்குச் சரக்கு எடுக்கப் போகும்போது அங்கே ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த பெண்ணைத் தெரியும். அவள் அப்பாவும் சம்சாரி. மச்சினன் ஊரிலிருந்து காட்டு வழியாகப் போனால் அவர்கள் ஊர் பக்கம்தான். பேச்சுக் கொடுத்தேன். வந்து பாருங்கள் என்றார்கள். இரண்டு வருஷத்தில் அப்படிச் சொன்ன முதல் வீடு அதுதான்.

ஐப்பசி மாதம். முந்தின நாள் நல்ல மழை. மச்சினன் வீட்டு வாசலில் மாமியார், மனைவி, அத்தைமார், பூ, பழம், கடம்பூர் போளி எல்லாம் ஏறியதும் கார் நிறைந்துவிட்டது. அவர்கள் தார் ரோட்டில் சுற்றிப் போனார்கள். மாப்பிள்ளையும் நானும் பைக். ராகுகாலத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். நான் வண்டிப்பாதையைக் காட்டினேன்.

"வேண்டாம் அத்தான். ஈரம் காயலை. கரிசல்ல வண்டி எறக்கக் கூடாது."

"அத்தான் இருக்கும்போது என்னலே பயம்? இடுப்புல என்ன மாட்டியிருக்கேன்னு பாரு."

"அதைப் பாத்துத்தான் பயப்படுதேன்."

இறக்கினேன். முதல் நூறு அடிக்கு நான் ஒரு வீரன். அதற்குப் பிறகு சக்கரம் மண்ணை எடுத்தது, மண் மண்ணை எடுத்தது, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே களி கிண்டினாற்போல் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்ற மறுத்தது. வண்டி எருமை மாதிரி நின்றது. ஸ்டாண்டு போடக்கூடத் தேவையில்லை, தானாகவே நின்றது. காலை ஊன்றினேன், செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

இந்த நாளுக்காகத்தானே இத்தனை வீடியோ. மல்டிடூலை உருவினேன். முதலில் டப்பா திறப்பான் வந்தது. அடுத்து அரம். அடுத்து ரம்பம். அதை மடக்கப் போனால் நகம் பிய்ந்தது. குறடு வருவதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மச்சினன் என்னைப் பார்த்தபடி நின்றான்.

"மொதல்ல கத்தியால மண்ண வழிங்க அத்தான்."

வழித்தேன். நாலு அடி நகர்ந்தது, மறுபடி அடைத்தது. வழித்தேன், அடைத்தது. மட்கார்டையே கழற்றிவிடலாம் என்று குறடால் போல்ட்டைப் பிடித்தேன். போல்ட் அசையவில்லை, அதன் மூலைகள்தான் மழுங்கின. குறடு வழுக்கி என் விரல் மொளியைச் சிராய்த்தது. என் மனம் அங்கே நிற்காமல் ஓடியது: பெண் வீட்டார் எழுந்து போகிறார்கள், மாமியார் போளிப் பெட்டியைத் திருப்பித் தூக்கி வருகிறார், மச்சினன் அறுபது வயதில் தனியாகச் சோறு பொங்கித் தின்கிறான், நான் காரணம்.

போன் அடித்தது. மனைவி.

"எங்கன இருக்கீங்க? காப்பி ஆறிப்போச்சி. எல்லாரும் எங்க மொகத்தையே பாக்குதாவ."

"ஒரு போல்ட்டு மட்டும்தான்ட்டி."

"என்ன போல்ட்டு?"

மச்சினன் போனை வாங்கினான். "அக்கா, நடந்து வாரோம்" என்று சொல்லி வைத்தான். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னான், "இதுவும் போச்சின்னா இனி எங்கயும் போயிக் கேக்க மாட்டேன்னு அம்மா சொல்லிட்டா அத்தான். வாங்க."

வண்டியைக் காட்டிலேயே விட்டுவிட்டு நடந்தோம். முழங்கால் வரை கரிசல் அப்பியிருந்தது. ராகுகாலம் பிறந்து கால்மணி நேரம் கழித்துத்தான் அந்த வீட்டு வாசலை மிதித்தோம். வண்டி காட்டில் மாட்டியதைச் சொல்லிக்கொண்டே அங்கே குழாயில் கால் கழுவினோம். கால் மட்டும் போதும் என்று நினைத்த நான் இடுப்பை மறந்துவிட்டேன். கூடத்தில் உட்கார்ந்ததும் பெண்ணின் அப்பா கேட்டார்.

"அண்ணாச்சி, அது என்ன இடுப்புல?"

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சுக்கு இடுப்பில் கத்தியோடு வருகிறவனை இயற்கை ரசிகன் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். விளக்கம் சொல்லும் அவசரத்தில் கத்தியை உருவிக் காட்டினேன். ஒரு அத்தை கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். நிலைமையைச் சமாளிக்க மல்டிடூலையும் எடுத்து, குறடு, அரம், ரம்பம் என்று ஒவ்வொன்றாக விரித்து, ரயிலில் சீப்பு விற்கிறவன் மாதிரி காட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி மேலே மின்விசிறியைப் பார்த்தாள்.

பெண்ணின் அப்பா என்னை விட்டுவிட்டு மச்சினன் பக்கம் திரும்பினார்.

"சம்சாரின்னு சொன்னாவ. மழ பெஞ்ச மறுநாளு கரிசல்ல வண்டி எறக்குத சம்சாரிய நான் இன்னைக்குத்தான் பாக்குதேன்."

அதுதான் கொலை. கத்தியெல்லாம் ஒன்றுமில்லை. அவனிடம் இருக்கும் ஒரே படிப்பு மண். அதிலேயே பெயில் என்று சொல்லிவிட்டார். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மச்சினனே, குரலை உயர்த்தாமல், சொல்லிவிட்டான்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன் மாமா. அத்தான் மல்டிடூல் இருக்குன்னாவ."

கூடமே சிரித்தது. உள்ளே அடுப்படிப் பக்கம் பெண்ணின் சிரிப்பும் கேட்டது. பெண்ணின் அப்பா ராகுகாலத்தைக்கூட மறந்து இன்னொரு காப்பி கொண்டுவரச் சொன்னார். பெண்ணும் மச்சினனும் கொல்லைப்புறத்தில் கொஞ்ச நேரம் பேசினார்கள். கிளம்பும்போது அவரே டிராக்டரை எடுத்துவந்து என் பைக்கை வெளியே இழுத்துப் போட்டார்.

அடுத்த சில நாட்கள் நான் கடையில் உட்கார்ந்து மன்னிப்புப் பேச்சு ஒத்திகை பார்த்தேன். கத்தியால் போச்சா, சேற்றால் போச்சா, ராகுகாலத்தில் வாசல் மிதித்ததால் போச்சா என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை தரகர் போன் செய்தார். கத்தியைப் பற்றியோ சேற்றைப் பற்றியோ அவர்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பையன் தங்கமான பையன்தானாம். மாசச் சம்பளம் உள்ள மாப்பிள்ளையாகப் பார்க்கலாம் என்று பெண் சொல்லிவிட்டாளாம், அப்பாவும் அதுவே சரி என்றாராம்.