எரிக்குக்காக மர்டோ எடுத்து வந்த பாட்டில்

எங்கள் ஊரான ரோதெஸில் நல்லது கெட்டது எது நடந்தாலும் ஆட்கள் முதலில் போய் நிற்பது மர்டோ கெடஸ் வீட்டு வாசலில்தான். பாதிரியாரைக்கூட அப்புறம்தான் பார்ப்பார்கள். "மர்டோ, எந்தப் பாட்டில் வாங்கட்டும்?" என்பதுதான் கேள்வி.

நாலு விஸ்கி வடிசாலைகள் உள்ள ஊரில் ஒரு வடிசாலையிலும் ஒரு நாள்கூட வேலை பார்க்காதவர் மர்டோ. முப்பத்தொரு வருடம் ரொட்டிக்கடை வேன் ஓட்டினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிடைத்த சம்பளத்தில் பாதி சிங்கிள் மால்ட் விஸ்கிக்கும் மீதி ரயில் டிக்கெட்டுக்கும் போனது. புதுச் சரக்கு ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் போதும், ஞாயிற்றுக்கிழமை ஆளைப் பார்க்க முடியாது. ஒரு மிடறு ருசி பார்க்க இன்வர்னஸ் நகரம் வரை போய்விட்டு, அன்று சாயங்காலமே சாண்ட்விச் காகிதத்தில் குறிப்பெழுதிக்கொண்டு திரும்புவார்.

அவர் பாட்டிலைத் தேர்ந்தெடுக்கும் விதமே தனி. விலையையும் வயதையும் கேட்க மாட்டார். குடிக்கப்போகிற ஆளைப் பற்றித்தான் கேட்பார். ஓய்வு பெற்ற போலீஸ்காரர் கிரேம் மில்ன் தன் மகள் கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருடப் பாட்டில் ஒன்றை வாங்கி சம்பந்தியை அசத்தப் பார்த்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"சம்பந்தி என்ன வேலை பாக்கறார்?"

"பீட்டர்ஹெட்ல மீன்பிடிப் படகு."

"காலையில என்ன சாப்பிடுவார்?"

"அதையெல்லாம் நான் விசாரிக்கலப்பா. நான் என்ன அவரைக் கைது பண்ணவா போறேன்?"

"புகை போட்ட மீன்தான் சாப்பிடுவார். நீ வயசைப் பாக்காதே, கிரேம். மேற்குத் தீவுச் சரக்கு, புகை வாசம் அடிக்கறது, பன்னெண்டு வருஷத்தது வாங்கு. அந்த மனுஷன் கண்ணு கலங்கிடும்."

கலங்கத்தான் செய்தது. கிரேமின் சம்பந்தி கிளாஸை மூக்கருகே வைத்துக்கொண்டு, கடலில் போன தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாராம்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, பௌலிங் கிளப்பின் பின்னறையில் நாங்கள் நாலு பேர் கூடுவோம். மர்டோ, கிரேம், எரிக் ரியாக், அப்புறம் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நான். எரிக் தபால்காரராக இருந்தவர். மர்டோவுடன் ஆறு வயதிலிருந்து ஒரே பெஞ்சு. பாட்டிலின் மேல் மர்டோவின் பழைய கால்பந்துக் காலுறையை மாட்டி மறைத்திருப்போம். ஆளுக்கு மூன்று வாசனை சொல்லும் வரை காலுறையைக் கழற்றக் கூடாது.

"எனக்கு விஸ்கி வாசனைதான் வருது," என்பார் கிரேம், ஒவ்வொரு தடவையும்.

"முப்பது வருஷம் போலீஸ்ல இருந்து உனக்குத் திருடன் வாசனையே வரல. இது எங்கேர்ந்து வரும்?" என்பார் எரிக்.

மர்டோ சிரிக்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, "ஆப்பிள். பழைய ஆப்பிள், மரப்பெட்டியில வெச்சது. பெட்டிக்குள்ள வைக்கோல் இருக்கு," என்பார். அவர் சொன்ன பிறகு எங்களுக்கும் வைக்கோல் தெரியும்.

ஒரு ஜனவரியில், விடியற்காலையில் மர்டோ ரொட்டித் தட்டுகளோடு உறைபனியில் வழுக்கி மல்லாக்க விழுந்தார். பின்மண்டையில் அடி. இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரத்தில் வேன் ஓட்டத் தொடங்கியும்விட்டார்.

பிப்ரவரியில் என் மருந்துக்கடைக்கு வந்தார். "இஷ்பெல், மூக்கடைப்புக்கு ஏதாவது குடும்மா." கொடுத்தேன். மார்ச்சில் மறுபடி வந்தார். ஏப்ரலில் வந்து, "இன்னும் வீரியமா ஏதாவது இருக்கா?" என்றார்.

"மர்டோ, உங்களுக்குச் சளியே இல்லையே. குரல் நல்லாத்தானே இருக்கு. டாக்டரைப் பாருங்க."

"பாக்கறேன், பாக்கறேன்," என்று பில்லைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

டாக்டரைப் பார்த்திருக்கிறார். மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அந்த அடியில் அறுந்துவிட்டன, ஒரு வருடத்துக்குள் வாசனை திரும்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மர்டோ யாரிடமும் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமைகளில் தனக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பாட்டில்களையே கொண்டுவந்தார். எங்களை முதலில் பேசவிட்டு, கடைசியில் நாங்கள் சொன்னதோடு ஒன்றிரண்டு சேர்த்துச் சொன்னார். வயதாக வயதாக அடக்கம் கூடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று முறை மருந்து விற்றவள் நான். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

அடுத்த வருட வசந்தத்தில் எரிக்குக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. சிகிச்சை வேண்டாமென்று சொல்லிவிட்டார். "ஆறு மாசம் வாந்தி எடுத்துக்கிட்டுக் கிடக்கறதைவிட, வாய் ருசியோட ரெண்டு மாசம் போதும் நெட்டா," என்று மனைவியிடம் சொன்னாராம். பிறகு மர்டோவைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஊருக்கெல்லாம் பாட்டில் எடுத்துக் குடுத்தியேடா. எனக்கு ஒண்ணு எடுத்துட்டு வா. விலை கூடினதா இருக்கணும்னு இல்ல. எனக்கு எது சரியா இருக்கும்னு உனக்குத்தான் தெரியும்."

மர்டோ தன்னிடம் இருந்த பதினோரு பாட்டில்களையும் கட்டில்மேல் வரிசையாக வைத்துக்கொண்டு மூன்று நாள் யோசித்தாராம். ஒவ்வொன்றையும் திறந்து முகர்ந்து முடிவெடுக்கிற வழி இப்போது இல்லை. நினைவு ஒன்றுதான் கையில் இருந்தது. கடைசியில் ஆக்நரோன் பாட்டிலை எடுத்தார். எரிக்கின் அப்பா வேலை பார்த்த வடிசாலை அது. அது மூடப்பட்ட வருடம் இருவரும் சேர்ந்து வாங்கிய பாட்டில். முப்பது வருடத்துக்கு மேலாக, இதைவிடப் பெரிய நாள் ஒன்று வரும் என்று திறக்காமலே வைத்திருந்தார்கள்.

மே மாதத்து மதியம். எரிக்கின் கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். திறக்கும்போது தக்கை உள்ளே பொடிந்துபோனது. நெட்டா டீ வடிகட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். மர்டோ இரண்டு கிளாஸில் ஊற்றி, தன்னுடையதை மூக்கருகே வைத்து வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார்.

"பேரிக்காய். நல்லாப் பழுத்தது. அதுக்குப் பின்னாடி தேன்மெழுகு. அப்புறம் உங்கப்பா வேலை விட்டு வந்து கோட்டைக் கழட்டி மாட்டுவாரே, அந்த நடைக்கூடம். கோட்டுல ஒட்டின வறுத்த பார்லிப் பொடி."

எரிக் ஒரு மிடறு குடித்தார். வாயில் வைத்திருந்து மெதுவாக விழுங்கினார். மர்டோவின் முகத்தைப் பார்த்தார்.

"தேன்மெழுகு," என்றார். "ஆமாண்டா. இருக்கு."

"கோட்டு?"

"கோட்டும் இருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்து."

இரண்டாவதையும் எரிக் மிச்சம் வைக்காமல் குடித்தார். சின்ன வயதில் இருவரும் ஆற்றில் திருட்டுத்தனமாக சால்மன் மீன் பிடித்து, எரிக்கின் அம்மாவிடமே அதை விற்கப்போன கதையைப் பேசிச் சிரித்தார்கள். மர்டோ வீட்டுக்குப் போகிற வழியில் என் கடைக்குள் எட்டிப் பார்த்தார். "சரியா எடுத்துட்டேன் இஷ்பெல்," என்றார். ஒரு வருடமாக அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்திருக்கவில்லை.

ஒன்பதாவது நாள் எரிக் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் அவர் வீட்டில் கூடினோம். நெட்டா சமையலறையில் சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். கிரேம் அலமாரியில் அந்தப் பாட்டிலைப் பார்த்துவிட்டார். "அவன் கடைசியா குடிச்சது. அவன் பேரைச் சொல்லி ஆளுக்கொரு வாய் குடிப்போம்," என்று எங்களுக்கெல்லாம் ஊற்றினார். கிளாஸ் என் உதட்டுக்கு வரும் முன்பே அந்த நாற்றம் அடித்தது. வெள்ளத்தில் நனைந்த அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடித்த நிலவறை. தக்கை கெட்டு, உள்ளே இருந்த சரக்கையும் கெடுத்துவிட்டிருந்தது.

கிரேம் கிளாஸுக்குள்ளேயே துப்பினார். "அடச்சீ! ஈர நாயை நக்கின மாதிரி இருக்கு!"

மர்டோ அதற்குள் தன் பங்கை விழுங்கிவிட்டிருந்தார். எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "ஏன்? என்ன ஆச்சு?"

கிரேம் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன ஆச்சுன்னு கேக்கறேன்ல?"

"கெட்டுப்போச்சு மர்டோ," என்றேன். "உங்களுக்குத் தெரியலையா?"

கிளாஸை மேசைமேல் வைத்தார். "பதினாறு மாசமா எனக்கு எதுவுமே தெரியல," என்றார். "ரொட்டி வாசனைகூடத் தெரியல." பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "எரிக் இதையா குடிச்சான்? ரெண்டு கிளாஸ்?"

நெட்டா வாசலில் நின்றிருந்தாள். "முதல் மிடறுலயே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றாள். "நீங்க போன பிறகு சொன்னார். மர்டோவுக்கு மூக்கு போயிடுச்சு, அவனா சொல்ற வரைக்கும் நீ வாயைத் திறக்காதேன்னு."

"என்னை நிறுத்தியிருக்கலாமே! கொட்டியிருக்கலாமே! சாகற மனுஷனுக்குச் சாக்கடைத் தண்ணியைக் குடுத்துட்டு, நான் பேரிக்காய்னு கதை சொல்லிட்டு இருந்திருக்கேன்."

"நீங்க சொல்லியிருக்கலாம்," என்றாள் நெட்டா. அவள் குரல் உயரவில்லை. "ஒன்பது நாள்தான் இருந்தது அவருக்கு. அதுல ராத்திரி பகலா உங்களைப் பத்தியே கவலைப்பட்டார். பாவம், அவன் தனியா என்ன பண்றானோ, யார்கிட்ட சொல்லுவானோன்னு. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்பீங்க. அதை அவருக்குக் குடுக்காம விட்டுட்டீங்களே மர்டோ."

மர்டோ தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கிரேம் பின்னாலேயே ஓடினார். திரும்பி வந்தவர், "விட்டுடச் சொல்றான்," என்றார்.

மறுவாரம் மர்டோ வேன் சாவியை ரொட்டிக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார். மீதிப் பத்துப் பாட்டில்களையும் ஒரு பெட்டியில் போட்டு, என் கடை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் போய்க் கதவைத் தட்டினால் ஜன்னல் திரை அசையும், கதவு திறக்காது. முதல் சனிக்கிழமைகளில் கிரேமும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். இரண்டு மாதம் பார்த்துவிட்டு அதையும் நிறுத்தினோம். யாராவது கடைக்கு வந்து, "பேரனுக்கு ஞானஸ்நானம், என்ன பாட்டில் வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்டால் எரிச்சலாக வரும்.

செப்டம்பரில் நெட்டா என்னிடம் வந்து அந்தப் பெட்டியைக் கேட்டாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு மர்டோ வீட்டுக்குப் போனோம். நெட்டா கதவைத் தட்டவில்லை. நேரே பின்பக்கம் போய்ச் சமையலறைக்குள் நுழைந்தாள். மர்டோ சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் தீய்ந்த வாடை. அடுப்பில் ஏதோ கருகிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. நான் போய் அணைத்தேன்.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்றாள் நெட்டா.

"உள்ளதைத்தான் சொன்னே."

"அடுத்த மாசம் அவர் கல்லறையில கல்லு வெக்கறோம். ஒரு பாட்டில் வேணும்."

"நெட்டா, என்னால முடியாதும்மா. தெரிஞ்சுமா கேக்கறே?"

"முகரறது நான். எடுக்கறது நீங்க."

அவள் வாழ்நாளில் விஸ்கியைத் தொட்டவள் அல்ல. முதல் கிளாஸை முகர்ந்ததும் முகத்தைச் சுளித்து, "செருப்புக்குப் போடற பாலிஷ்," என்றாள். "இதையா நாப்பது வருஷமா உக்காந்து குடிச்சீங்க?"

"அடுத்தது?" என்றார் மர்டோ.

"கல்யாண கேக். பழசானது, டப்பாவிலேயே மறந்துபோனது."

"இது எரிக்குக்கு ஆகாது. அவனுக்கு இனிப்பு தொண்டையில நிக்கும். அடுத்தது."

நாலாவதை அவள் இரண்டு தடவை முகர்ந்தாள். "வெட்டின புல்லு. எலுமிச்சைத் தோல். அப்புறம்... மழை நின்னதும் தபால் பையைக் காய வெப்போம் இல்ல, அந்தத் துணி." சொல்லிவிட்டு கிளாஸைக் கீழே வைத்து அழுதாள்.

மர்டோ அந்தப் பாட்டிலைத் தனியாக எடுத்து வைத்தார். எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரணப் பத்து வருடச் சரக்கு அது.

அக்டோபர் மாதத்தில் கல்லறையில் கல் வைத்த அன்று அதைத்தான் குடித்தோம். காற்று காதை அறுத்தது. மர்டோ முழுக் கிளாஸையும் குடித்துவிட்டு நின்றார்.

"ஏதாவது தெரியுதாடா?" என்று கிரேம் கேட்டார்.

"சூடு தெரியுது," என்றார் மர்டோ. "தொண்டையிலேர்ந்து நெஞ்சு வரைக்கும். அது மட்டுந்தான்."

நெட்டா அவர் பக்கத்தில் போய் நின்று, தன் கிளாஸை முகர்ந்து, தாழ்ந்த குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் கல்லைப் பார்த்தபடியே தலையாட்டிக்கொண்டிருந்தார். மழை வந்தது. யாரும் நகரவில்லை.

இந்த ஜனவரியோடு அவர் விழுந்து நாலு வருடம் ஆகிறது. வாசனை திரும்பவில்லை.