பிடிப்பதற்கு முன் மன்னிப்புக் கேட்டவர்

1. நாற்பது வினாடி

விசிலை ஊதிவிட்டேன். ஆனால் கையை எப்படித் தூக்குவது என்று தெரியவில்லை. கோயம்புத்தூர் வட்டாரத்தில் பதினெட்டு வருடம் கூடைப்பந்து ரெஃப்ரியாக ஓடியவன் நான். பகலில் பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் வேலை, சாயங்காலம் விசில். ஊதிய விசில்களில் இன்றைக்கும் என் தூக்கத்தில் கேட்பது அந்த ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். மில் அணிகளின் டோர்னமெண்டில் செமி ஃபைனல். திறந்தவெளி சிமெண்ட் கோர்ட். பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று மதியமே வேப்பமரங்களைச் சாய்த்துப் பிடித்திருந்தது. உயரமாகப் போட்ட பந்து மேலே போய் கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு பக்கம் இறங்கும். வெள்ளை பனியன் அணி ஒரு புள்ளி பின்னால். பந்து எதிரணியிடம். ஆட்டம் முடிய நாற்பது வினாடி.

இந்த இடத்தில் பின்னால் இருக்கிற அணி என்ன செய்யும் என்று விளையாட்டு பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். வேண்டுமென்றே ஃபவுல் செய்வார்கள். ஃபவுல் செய்தால் கடிகாரம் நிற்கும். எதிரணி ஆள் யாரும் மறிக்காமல் கூடைக்கு எறிகிற ஃப்ரீ த்ரோ இரண்டு போடுவார், தவறவிட்டால் பந்து கைக்கு வரலாம். ஆனால் பந்தைத் தட்டப்போய் ஆள்மேல் பட்டதுபோல் இருக்க வேண்டும். பந்தைப் பார்க்காமல் ஆளைப் பிடித்தால் அது இன்டென்ஷனல் ஃபவுல். ஃப்ரீ த்ரோ இரண்டுக்கும் மேலே பந்தும் எதிரணிக்கே போய்விடும்.

வெள்ளை அணியில் கதிர்வேல் என்பவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எதிரணிக்காரரிடம் வந்தார். நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன். அவர் சொன்னது காற்றையும் மீறி எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏனுங்ணா, தப்பா எடுத்துக்காதீங்க."

சொல்லிவிட்டு அவரை இடுப்போடு சேர்த்து மெதுவாகக் கட்டிக்கொண்டார். ஊரிலிருந்து வந்த பங்காளியைக் கட்டிக்கொள்வது மாதிரி இருந்தது.

விசில் ஊதினேன். அதற்குப் பிறகு கூட்டத்தின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கடிகாரம் நின்றது, வெயில் நிற்கவில்லை. கோர்ட்டின் மஞ்சள் கோட்டின்மேல் மரத்தின் நிழல் நகர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூடிய முஷ்டியை உயர்த்தினால் சாதாரண ஃபவுல். தலைக்கு மேலே ஒரு கையின் மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்தால் இன்டென்ஷனல். முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டுச் செய்கிற காரியத்தைத் தற்செயல் என்று எந்த வாயால் சொல்வது? மணிக்கட்டைப் பிடித்தேன்.

அத்தோடு ஆட்டம் முடிந்த மாதிரிதான். வெள்ளை அணி மூன்று புள்ளியில் தோற்றது.

2. மரியாதைக்குத் தண்டனை

வெள்ளை அணியின் கோச் பழனிச்சாமி. அந்த மில்லில் ஆள் வருகைக் கணக்குப் பார்க்கிற டைம் ஆபீஸ்காரர். ஸ்கோர் ஷீட்டில் நான் கையெழுத்துப் போடும்போது டேபிளுக்கு வந்துவிட்டார். கோபத்திலும் 'ங்க' போகாத மனிதர்.

"சார், அவன் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னானுங்க. நம்மூர்ல அதுக்கும் தண்டனைங்களா?"

விதியைச் சொன்னேன். முதல் பாதியில் எதிரணிக்காரர் ஒருவர் பந்தைத் தட்டுகிற மாதிரி நடித்து இவர்கள் ஆளின் தோளைப் பிடித்து இழுத்ததற்கு நான் சாதாரண ஃபவுல்தான் கொடுத்தேன் என்று அவர் ஞாபகப்படுத்தினார். உண்மைதான். நடித்தவர் தப்பித்தார், நடிக்கத் தெரியாதவர் மாட்டிக்கொண்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

கதிர்வேல் அப்போது அருகில் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், பேச்சு மட்டும் தரையோடு போகும். சென்னிமலைப் பக்கம், போர்வை நெய்கிற குடும்பம். "சார் ஊதுனது சரிதானுங்க, நான் பந்தப் பாக்கவே இல்லீங்க" என்று கோச்சிடம் சொன்னார். அந்த ஆள் என்னைத் திட்டியிருந்தால் அன்றிரவு நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அவரைப் பற்றி மற்றதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. மில்லில் நான்கு வருடமாகப் பதிலித் தொழிலாளி. தினமும் காலை ஷிஃப்டுக்கு முன்னால் கேட்டில் நிற்க வேண்டும். யாராவது வராவிட்டால் அந்த மெஷினுக்கு ஆள் இவர். எல்லோரும் வந்துவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த வருடம் அணி ஏதாவது ஒரு டோர்னமெண்டில் ஃபைனலுக்குப் போனால், அதில் ஆடிய பதிலிகளைப் பெர்மனென்ட் ஆக்குவதாக மேனேஜ்மெண்ட் சொல்லியிருந்தது. கதிர்வேலுக்குப் பந்து போடவும் வராது, வேகமும் கிடையாது. கடைசி நிமிடங்களில் ஓடிப்போய் ஃபவுல் செய்ய ஓர் ஆள் வேண்டும் என்று பழனிச்சாமி வைத்திருந்தார். ஐந்து ஃபவுல் ஆனால் ஆள் வெளியே போக வேண்டும்; நல்ல ஆட்டக்காரர்களின் ஃபவுல் கணக்கு ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் கதிர்வேலின் வேலை. அதைச் செய்யும்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் செய்வாராம். முன்பின் தெரியாத ஆளைத் தொடுகிறோமே என்று கூச்சம்.

இனி ஒரே ஒரு டோர்னமெண்ட் பாக்கி, பொங்கல் கழிந்து நடப்பது. அதில் ஃபைனலுக்குப் போனால் இவர் பிழைத்தார்.

3. ஒரு வரி விதி

அந்த ஐந்து மாதமும் நான் ஒருவித மயக்கத்தில்தான் திரிந்தேன். கம்பெனியில் பம்புக்கான இரும்பு வார்ப்பை, காஸ்டிங்கை, தட்டிப் பார்த்து ஓசையை வைத்து நல்லது கெட்டது சொல்கிற வேலை எனக்கு. தட்டிவிட்டு ஓசையைக் கேட்காமல் நின்றுகொண்டிருப்பேன். மனதில் கடைசி இரண்டு நிமிடம் ஓடும். யாரும் யாரையும் பிடிக்காத ஓர் ஆட்டம். பந்து கைமாறிக்கொண்டே இருக்கும், ஷூ சத்தம் மட்டும் கேட்கும், என் விசில் கழுத்தில் சும்மா தொங்கும். அப்படி ஓர் ஆட்டத்தை நினைத்துக்கொண்டே, சாயங்காலம் விசில் ஊதப் போகும்போது பஸ் ஸ்டாப்பைத் தவறவிட்டுக் காந்திபுரம் வரை போயிருக்கிறேன்.

ஒருத்தர் மனதுக்குள் என்ன இருந்தது என்று ரெஃப்ரியைக் கண்டுபிடிக்கச் சொல்வதுதான் கோளாறு என்று எனக்குப் பட்டது. பொங்கல் டோர்னமெண்ட் அழைப்பு ஆட்டம். கமிட்டி சம்மதித்தால் சொந்தமாக விதி வைத்துக்கொள்ளலாம். ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்: கடைசி இரண்டு நிமிடத்தில், பந்து வைத்திருக்கும் அணிமேல் எந்த ஃபவுல் செய்தாலும், ஃப்ரீ த்ரோவுக்குப் பிறகு பந்தும் அவர்களுக்கே.

கமிட்டியில் ஒரு மணி நேரம் வாதம். பின்னால் இருக்கிறவன் ஜெயிக்க வழியே இல்லாமல் போய்விடுமே என்றார் ஒருவர். பந்தைப் பறித்து ஜெயிக்கட்டும் என்றேன். கடைசி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அவிநாசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஒருவர், ஆட்டம் சீக்கிரம் முடியும் என்பதற்காகவே கை தூக்கினார். விதி நிறைவேறியது. இனி கதிர்வேல் மாதிரி யோக்கியர் யாரும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று வீடு வரும் வரை மனதுக்குள் விசிலடித்துக்கொண்டே வந்தேன்.

4. வேப்பமரத்தடி

பொங்கல் டோர்னமெண்டில் நான் கனவு கண்ட இரண்டு நிமிடம் அப்படியே வந்தது. காற்று அடங்கிய தை மாதச் சாயங்காலம். கடைசி இரண்டு நிமிடம் என்று டேபிளில் மணி அடித்ததும் யாரும் யாரையும் தொடவில்லை. பந்து போய்க்கொண்டே இருந்தது. வெயில் பழுத்து ஆட்டக்காரர்களின் நிழல் கோர்ட்டைத் தாண்டி மண்ணில் ஓடியது. நான் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவர்களோடு சும்மா ஓடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஓடியதில்லை. வெள்ளை அணி செமி ஃபைனலை ஜெயித்து ஃபைனலுக்குப் போனது.

ஸ்கோர் ஷீட்டைச் சரிபார்க்க உட்கார்ந்தபோதுதான் வெள்ளை அணியின் பத்துப் பேரையும் வரிசையாகப் படித்தேன். கதிர்வேல் பெயர் இல்லை.

பழனிச்சாமியிடம் கேட்டேன். அவருக்குக் கோபம் எதுவும் இல்லை, என் கேள்விதான் அவருக்கு விளங்கவில்லை.

"நீங்க போட்ட ரூலுதானுங்களே சார். இனி ஃபவுல் பண்றதுக்கு ஆள் எதுக்குங்க? அவனுக்குப் பதிலா ஒரு ஷூட்டரை எடுத்துப்போட்டேன்."

கதிர்வேல் வந்திருந்தார். வேப்பமரத்தடியில் பார்வையாளர்களோடு உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்திருக்கிறார். நான் போனதும் எழுந்து நின்றார். அவரே முதலில் பேசினார்.

"நல்ல ரூலுங்க சார். கடைசி ரெண்டு நிமிசம் கண்ணுக்கு அவ்வளவு நல்லா இருந்துச்சுங்க. என்ன, அதுல எனக்கு வேலை இல்லீங்க, அவ்வளவுதான்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிற மனிதர், அப்படித்தான் சொன்னார். மறுநாள் காலை ஷிஃப்டுக்குக் கேட்டில் நிற்க வேண்டும், வாரேனுங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அணியில் ஆடிய இரண்டு பதிலிகளுக்கு அந்த மாதமே வேலை நிரந்தரமானது. அவருக்குப் பதிலாக எடுத்த ஷூட்டர் அதில் ஒருவர். சித்திரைக்குள் கதிர்வேல் மில்லுக்கு வருவதை நிறுத்திவிட்டுத் தறிக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

5. புதிதாக விசில் எடுப்பவர்களுக்கு

வேண்டுமென்றே செய்யும் ஃபவுலைத் தடுக்க விதியை மாற்றலாமா என்று ரெஃப்ரி கிளினிக்குகளில் இளைஞர்கள் என்னைக் கேட்பார்கள். மாற்ற வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். நான் எழுதிய வரி தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. அந்த இரண்டு நிமிடத்தின் அழகை இந்தக் கண்ணால் பார்த்தவன் நான்.

ஆனால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கமிட்டியில் பதினோரு பேரிடம் பேசினேன். பழைய ரெஃப்ரிகளிடம் பேசினேன், ஸ்கோர் எழுதும் டேபிள்காரர்களிடம் பேசினேன். ஒருவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு ஐந்து மாதம் அந்த விதியைச் சுமந்தேன். அந்த ஐந்து மாதமும் கதிர்வேல் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வரிசையாகக் கட்டிய வாடகை லைன் வீடு ஒன்றில்தான் குடியிருந்தார். தினமும் காலையில் அந்த வழியாகத்தான் சைக்கிளில் வேலைக்குப் போனேன். ஒரு நாள் கூட இறங்கி அவரைக் கேட்கவில்லை.