கரடித்தாடியைப் பேசியது

ஒஸ்லோவின் கிழக்கே, ட்வெய்ட்டா அடுக்குமாடிகளைத் தாண்டி நடந்தால் காடு. காட்டுக்குள் இந்தச் சதுப்பு நிலம். முழங்கால்வரை நனைந்து, கையில் ஒரு தண்டோடு நிற்கிறேன். கோரைத் தண்டை விரலில் உருட்டினால் மூன்று விளிம்பும் தட்டுப்படும் என்று மதுரையில் இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். இதுவும் கோரைக் குடும்பம்தான். ஆனால் கம்பி மாதிரி வழவழவென்று உருளுகிறது. சரி, இலையைப் பார்க்கலாம் என்றால் அடியில் வெறும் உறைகள்; மேலுறையின் நுனியில் மட்டும் நகம் அளவுக்கு ஒரு பச்சைத் துண்டு. உச்சியில் அரிசிமணி போல ஒரே ஒரு பழுப்புக் கதிர்.

"நோர்வேக்காரர் இதைக் கரடித்தாடி எண்டு சொல்லுறவை," என்கிறார் அன்ரன். மன்னாரிலிருந்து வந்து இங்கே பஸ் ஓட்டுகிறவர். லீவு போட்டு என்னைக் கூட்டி வந்திருக்கிறார்.

"வகுப்புல இதைப் பத்தித்தான் பேசப்போறேன்."

"ஐயோ ரீச்சர், பேசுற அளவுக்கு அது என்ன பிழை செய்தது?"

விழிக்கிறேன். அவர் சிரிக்கிறார். "எங்கடை ஆக்களுக்குப் பேசுறதெண்டா ஏசுறது. மற்றதைக் கதைக்கிறதெண்டு சொல்லுவம்."

இப்போது மொழிப்பாடம் வேறு! லென்ஸை வைத்து அந்த உறையைப் பார்க்கக் குனிகிறேன். பாசி வழுக்குகிறது, லென்ஸ் சேற்றுக்குள் போய்விடுகிறது.

"மானங்கெட்ட செடியே! முக்கோணமும் இல்ல, இலையும் இல்ல. கோரையாப் பொறந்தா கோரை மாதிரி இருக்கத் தெரியாதா உனக்கு?"

அன்ரன் தலையாட்டுகிறார். "ஓம் ரீச்சர், இப்பதான் வடிவாப் பேசுறீங்கள்."