பாவாடைக்காரரின் தோல்பை

குடியேறிய நாட்டில், மனைவியோடு கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போகும்போது ரெயிலில் எதிரே இருந்தவர் கட்டம்போட்ட ஸ்கொட்லாந்துப் பாவாடை கட்டியிருந்தார். துணி காற்றில் பறக்காமலிருக்க ஓரத்தில் ஒரு ஊசி, அகலமான பெல்ட், முன்னால் தொங்கும் தோல்பை. டிக்கெட் பரிசோதகர் வந்ததும் பையைத் திறந்து பயணக் கார்டை உடனே எடுத்துக் காட்டினார். நான் காற்சட்டைப் பொக்கற் நாலையும் தடவினேன்; கார்டுக்கு முன் வீட்டுப் பூட்டைத் திறக்கும் திறப்புத்தான் அகப்பட்டது. என் வேட்டி கைப்பையில் இருந்தது. கோயில் கழிப்பறையில்தான் மாற்றுவேன்.

"அந்தாளைப் பாருங்கோ. உங்களுக்குத்தான் வெக்கம்" என்றாள் மனைவி.

"வேட்டியிலை வீட்டுத் திறப்பை எங்கையப்பா வைக்கிறது?"

இறங்கும்போது, சனம் பார்க்காதா என்று அவரிடமே அரைகுறை இங்கிலிஷில் கேட்டுவிட்டேன்.

"பார்க்கட்டும். திறப்பு விழாமல் இருந்தால் சரி" என்று தோல்பையைத் தட்டினார்.

அடுத்த கிழமையே இடுப்பில் கட்டும் பையொன்று வாங்கினேன். திறப்பு இப்போது அதற்குள் இருக்கிறது. வேட்டி இன்னும் கைப்பையில்தான்.