ஐந்து பிறை கண்ட குடும்பம்

“பிள்ளையைத் தண்டிக்கப் பிரம்பை எடுக்குமுன் அதன் தகப்பனை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், பாதிக் குற்றம் அங்கிருந்துதான் புறப்பட்டிருக்கும்” என்று எனக்கு முதலில் சொன்னவர், கூடலூர்ப் பள்ளியில் எனக்கு அடுத்த வகுப்பை நடத்திய சவரியம்மாள். ஆசிரியத் தொழிலில் இலக்கணத்துக்கு அடுத்தபடியாகப் பயன்படும் விதி இதுவே. சுண்ணக்கட்டித் தூளை உண்டு வாழ்ந்த என் இனத்தாரே, நீங்களும் ஒப்புவீர்கள்.

கண்ணடித்த தகப்பனார்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் எட்டாம் வகுப்பில் முதல் மாணவியாக இருந்தவள் பேச்சியம்மாள். நான் கரும்பலகையில் எழுதித் திரும்பும்போதெல்லாம் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை இறுக மூடி, மற்றதைச் சுருக்கி என்னை நோக்குவாள். அதற்குக் கண்ணடித்தல் என்பதன்றி வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. வகுப்பு சிரித்தது, என் மதிப்பு சரிந்தது. சவரியம்மாளின் விதியை நினைத்துத் தகப்பனாருக்கு ஆளனுப்பினேன்.

சடையாண்டி நெல் வயலிலிருந்து நேராக வந்தார். வாசலில் நின்றார். தலையைச் சாய்த்தார். பள்ளி முழுவதும் பார்த்திருக்க, என்னை நோக்கி ஒரு கண்ணை இறுக மூடினார்! “ஐயா, இது பள்ளிக்கூடம்!” என்று நான் அலறியதில் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டது. அவர் பதறிக் கைகூப்பினார்.

“கோவிச்சுக்கிறாதீக வாத்தியாரம்மா. ரெண்டு கண்ணையும் தொறந்தா நாலு வாத்தியாரம்மா நிக்கிறீக. எந்த அம்மாவுக்குக் கும்பிடு போடன்னு தெரியல.”

மூன்றாம் பிறை

அந்த வார இறுதியில் மூன்றாம் பிறை. ஐயம் தீர்க்க அந்தி வேளையில் அவர்கள் வீட்டுக்கே சென்றேன். முற்றத்தில் குடும்பமே மேற்கு நோக்கி நின்று பிறை எண்ணிக்கொண்டிருந்தது! பேச்சிக்கு ஐந்து. தகப்பனாருக்கு நான்கு. தகப்பனாரின் அக்காள் ஒச்சம்மாளுக்கு ஆறு. அந்த அம்மாளின் மகன் வீரணனுக்கு ஏழு. பிறை கூடக் கூடப் புண்ணியமும் கூடும் என்பது அவ்வீட்டுக் கணக்கு. வீரணன் மாலையிடாத மாப்பிள்ளைபோல் நிமிர்ந்து நின்றான். மாப்பிள்ளையும் அவனேதான். பேச்சிக்கு முறை மாப்பிள்ளை. தை மாதம் திருமணம் என்று அத்தை முடிவு செய்திருந்தார்.

நான் திடுக்கிட்டேன். பொதுத்தேர்வில் வென்று மதுரையில் ஆசிரியப் பயிற்சிக்குப் போகவேண்டிய பெண் அவள். வாதாடினேன். “பாசானா படிக்கட்டும், இல்லாட்டித் தையில தாலி” என்று சடையாண்டி தீர்ப்புச் சொன்னார்.

விடைபெறும்போது, பெரியகுளத்திலிருந்து அவ்வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட பேச்சியின் தாய் என் பின்னாலேயே வந்து காதருகில் சொன்னார்.

“எனக்கு ஒண்ணுதான் தெரியுது வாத்தியாரம்மா. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து மூணுன்னு சொல்லிச் சமாளிக்கிறேன். அங்கன யார்ட்டயும் சொல்லிறாதீக.”

கோபுர தரிசனம்

கம்பத்துக்கு ஒரு கண் மருத்துவர் வந்திருந்தார். குடும்பத்தையே வண்டியில் ஏற்றிச் சென்றேன். அவர் பேச்சியின் கண்ணைப் பக்கவாட்டில் நோக்கினார். கீழே பார்க்கச் சொல்லி இமையை ஆராய்ந்தார். பிறகு தகப்பனார், அத்தை, வீரணன் என ஒவ்வொருவராக உட்காரவைத்து, மாங்காய் வியாபாரி நல்ல தோப்பைக் கண்டதுபோல் மகிழ்ந்தார்.

“கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் இருக்கும் தோல் மெலிந்து, கோபுரம்போல் கூம்புகிறது. வயது ஏற ஏறக் கூடும். சில குடும்பங்களில் இரத்த வழியாக இறங்கும். தாய், தகப்பன் இரு பக்கமும் இதே கண் என்றால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம்” என்றார். மூக்குக்கண்ணாடி ஓரளவே உதவுமாம். பின், ஊசித்துளை இட்ட ஓர் அட்டையைப் பேச்சியின் கையில் கொடுத்தார். அதன் வழியே அவள் சுவரிலிருந்த கடைசி வரிவரை தடையின்றிப் படித்தாள். நான் என் வயதை மறந்து கைதட்டினேன். ஒச்சம்மாளோ வேறு காரணத்துக்காகப் பூரித்தார்.

“ஏலே சடையாண்டி, கேட்டியாலே! கோயிலுக்கே ஒத்தக் கோபுரந்தான். நம்ம வீட்டுல ஆளுக்கு ரெண்டு!”

தேர்வு வாசல்

பொதுத்தேர்வு பெரியகுளத்தில். வாசலில் நின்ற கண்காணிப்பாளர் பேச்சியின் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார். துளை வழியே விடை வரும் என்று அஞ்சினார் போலும். நான் விளக்கியது அவர் செவியில் ஏறவில்லை. மணி அடித்துவிட்டது. பேச்சி வெறுங்கையோடு என்னைப் பார்த்தாள். எனக்கோ தை மாதத்து மேளச் சத்தமே கேட்டது.

மணிக்கட்டுவரை பித்தானிட்ட ரவிக்கை அணிவது என் ஒழுங்கு. வலக்கைப் பித்தானைப் பற்றி ஒரே இழுப்பு! நான்கு ஓட்டை கொண்ட பித்தான் அவள் உள்ளங்கையில் விழுந்தது. “கடன்தான், திருப்பித் தரவேண்டும்” என்றேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கண்காணிப்பாளர், ஓட்டையில்லாத பித்தான் உலகில் இல்லை என்பதை உணர்ந்து வழிவிட்டார். அன்று மாலைவரை என் ரவிக்கையின் வலக்கை, கொடியில் காயும் துணிபோல் படபடத்தது. வெளியே வந்த பேச்சி குதித்தாள்.

“ஒரு ஓட்டை வழியா எல்லாக் கேள்வியும் தெரிஞ்சுச்சு வாத்தியாரம்மா! மத்த மூணுலயும் விடை தெரியுதான்னு பாத்தேன். அது மட்டும் தெரியல.”

மாப்பிள்ளையின் கணக்கு

பேச்சி தேறினாள். ஒச்சம்மாள் மூன்று நாள் உண்ணாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீரணன் என்ன செய்வானோ என்று நான் கலங்கியிருந்தபோது, அவனே வெற்றிலைத் தட்டுடன் பள்ளிக்கு வந்தான். கோம்பையில் வேறு பெண் பார்த்துவிட்டானாம்.

“எனக்கு ஏழு, பேச்சிக்கு அஞ்சு, கட்டிக்கிட்டா வீட்டுல பன்னெண்டு பிறை. ஒண்ணே ஒண்ணு தெரியிற ஆளு வேணும்ல வாத்தியாரம்மா, வந்தவுகளை எண்ணிச் சோறு போட!”

கடன்

பயிற்சி முடித்து, துளையிட்ட தகட்டுக் கண்ணாடியோடு எங்கள் பள்ளிக்கே ஆசிரியையாக வந்தாள் பேச்சியம்மாள். கண் மேலும் கூம்பியிருந்தது. எழுத்து மட்டும் ஒரு கோடு பிசகவில்லை. முதல் நாளே கடனை என் உள்ளங்கையில் வைத்தாள்.

“சரியா இருக்கான்னு எண்ணிக்கங்க வாத்தியாரம்மா, எனக்கு அஞ்சாத் தெரியுது.”

கண் குறையோ கேளாமலே தலைமுறை தாண்டி வந்துசேர்கிறது. திருப்பித் தரக் கேட்டுக் கொடுத்த கடன் திரும்பி வருவதற்குள் அந்த ரவிக்கையே கந்தலாகிவிட்டது என்றாலும், வாங்கிக்கொண்டதை முறைப்படி இங்கே பதிகிறேன்: நான்கு ஓட்டைப் பித்தான், ஒன்று.